தேய்ந்தது பேரிங்கா, போல்ட்டா?

பட்டறை கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி இருக்கின்றன. சொந்தமாகக் கட்டிய சிறு விமானங்களில், இறக்கையின் எய்லிரான், வாலின் எலிவேட்டர், ரடர் என்னும் அசையும் பரப்புகளைத் தாங்கி நிற்கும் பேரிங்குகள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான்தான். ஆனால் விமானி ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுக் கோலை) அசைத்ததும் விமானம் திரும்புகிறது என்றால், நடுவே நின்று அதைச் செய்து கொடுப்பவை இவைதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கட்டுப்பாட்டு இணைப்புகளைப் பிரித்து மாட்டியவன் நான். இவற்றைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் விருப்பம் உண்டு.

கேள்வி: ஐயா, கிட் வாங்கி நானே கட்டிய இரண்டு பேர் அமரும் உலோக விமானம் என்னுடையது. நிறுத்தி வைத்திருக்கும்போது எய்லிரானின் பின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது. "ராட் எண்ட் பேரிங் எல்லாம் போய்விட்டது, மொத்தமாக மாற்றிவிடு" என்கிறார் நண்பர். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். சத்தம் வருகிறது என்பது மட்டும்தான் இப்போது உங்களுக்குத் தெரியும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பேரிங்கை மாற்றினால், புதுப் பேரிங்கும் போட்டு, அதே சத்தத்தோடு பறப்பீர்கள்.

ஸ்டிக்கிலிருந்து எய்லிரான் வரை எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஸ்டிக்கின் அடியில் ஒன்று, புஷ் ராட் எனும் தள்ளு தண்டின் இரண்டு முனைகள் (அங்கே இருப்பவைதான் ராட் எண்ட், துளையிட்ட உருண்டை நடுவில் உள்ள பேரிங்), பெல் கிராங்கின் (தள்ளும் திசையை மாற்றும் நெம்புகோல்) நடு அச்சு, அங்கிருந்து எய்லிரானுக்குப் போகும் சிறு ராடின் இரண்டு முனைகள், அப்புறம் எய்லிரானைத் தாங்கும் கீல்கள். இவற்றில் எது ஆடினாலும் பின் விளிம்பில் நீங்கள் உணர்வது ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஸ்டிக்கை ஆடாமல் கட்டிவிடுங்கள். சீட் பெல்ட்டை வைத்துக் கட்டுவது போதாது, அது இழுபடும். கெட்டியான கட்டையும் கிளாம்ப்பும் வேண்டும். இப்போது நண்பரை எய்லிரானை மெதுவாக ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் ஒவ்வொரு இணைப்பாகப் போய், பேரிங்கின் நடு உருண்டையும் அதைச் சுற்றிய வெளி உடலும் சேரும் இடத்தில் நகத்தை வையுங்கள். பாதி நகம் உருண்டையில், பாதி வெளி உடலில். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் நகத்துக்குத் தெரியும். உருண்டைக்கும் உடலுக்கும் நடுவே ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அங்கே அசைவில்லை, ஆனால் போல்ட் தலை ஆடுகிறது என்றால் போல்ட்டும் அதன் துளையும் தேய்ந்திருக்கின்றன. இரண்டும் ஆடாமல், அவற்றை இறக்கையோடு பிடித்திருக்கும் தாங்கியே (பிராக்கெட்) ஆடினால், தாங்கியைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். புகை படிந்ததுபோல் கறுப்புக் கோடு இழுத்திருக்கும். தளர்ந்த ரிவெட் அலுமினியத்தை அரைத்துத் தள்ளிய தூள் அது.

நான் பிரித்துப் பார்த்தவற்றில் பேரிங் நன்றாக இருந்து போல்ட் தேய்ந்த இணைப்புகள் நிறைய உண்டு. காரணம் எளிது. ராட் எண்டில் போல்ட் சுற்றவே கூடாது. போல்ட், நடு உருண்டை, இரு பக்க வாஷர்கள், தாங்கியின் காதுகள் (போல்ட் நுழையும் இரு பக்கத் தகடுகள்) எல்லாம் ஒன்றாக இறுகி ஒரே துண்டாக நிற்க வேண்டும். அசைவு முழுவதும் உருண்டைக்கும் வெளி உடலுக்கும் நடுவேதான் நடக்க வேண்டும். போல்ட்டின் மழமழப்பான பகுதி ஒரு நூல் நீளம் அதிகமாக இருந்தால், நட் மரையின் கடைசிக்கு வந்து முட்டி நின்றுவிடும். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சும் "இறுகிவிட்டது" என்று சொல்லும். உள்ளே உருண்டை பிடிபட்டிருக்காது. அப்புறம் ஒவ்வொரு அசைவுக்கும் உருண்டை தன் உடலுக்குள் திரும்பாமல் போல்ட்டைச் சுற்றி அரைபடும். அந்த போல்ட்டை உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள். காட்மியம் பூச்சின் மங்கிய மஞ்சளுக்கு நடுவே மோதிரம் போட்டதுபோல் ஒரு பளபளப்பான வளையம் தெரியும். விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டினால் அந்த இடத்தில் நகம் இறங்கி ஏறும். வாஷர் ஒன்று சேர்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தேய்மானம். அந்த போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். துளை நீள்வட்டமாகிவிட்டதா என்று அளந்து பாருங்கள்.

கீலில் உள்ள ஆட்டமும் இயக்கும் ராடில் உள்ள ஆட்டமும் வேறு வேறு. கீல் தேய்ந்தால் எய்லிரான் முழுவதும் மேலும் கீழும், முன்னும் பின்னும் நகரும். ராட் இணைப்பு தேய்ந்தால் எய்லிரான் கீலைச் சுற்றித் திரும்பும். இரண்டாவது வகைதான் பெருகிக் காட்டும். எய்லிரானின் கொம்பு (ராட் வந்து சேரும் நீட்டம்) கீலிலிருந்து 50 மில்லிமீட்டர், பின் விளிம்பு கீலிலிருந்து 300 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொம்பில் 0.2 மில்லிமீட்டர் ஆட்டம், விளிம்பில் 1.2 மில்லிமீட்டராகத் தெரியும். கைநீளம் (அச்சிலிருந்து இணைப்பு வரை உள்ள தூரம்) ஒன்றாக உள்ள நான்கு இணைப்புகளில் தலா 0.1 மில்லிமீட்டர் என்றால், தனித்தனியே பார்க்கும்போது ஒவ்வொன்றும் "பரவாயில்லை" என்றுதான் இருக்கும். விளிம்பில் சேர்ந்து 2.4 வரும். ஆகவே நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை விளிம்பில் வைத்து மொத்தத்தையும் அளங்கள், ஒவ்வொரு இணைப்பிலும் வைத்துப் பங்கையும் அளங்கள். ஒவ்வொரு பங்கையும் மேலே சொன்ன விகிதப்படி விளிம்புக்குப் பெருக்கிக் கூட்டினால் மொத்தம் வரவேண்டும். வராவிட்டால் நீங்கள் பார்க்காத இணைப்பு ஒன்று எங்கோ ஆடுகிறது.

கேள்வி: எவ்வளவு ஆட்டம் வரை விடலாம்? என் விமானத்தின் கையேட்டில் எய்லிரானுக்கு எதுவும் சொல்லவில்லை.

பதில்: எல்லா விமானத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. வடிவமைத்தவரைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதுதான் முதல் வழி. பரப்பின் பின் விளிம்பில் இருக்கும் சிறு துணைப் பரப்பான ட்ரிம் டேபுக்கு மட்டும் பல காலமாகப் புழங்கும் ஓர் அளவு உண்டு: டேபின் கீலிலிருந்து பின் விளிம்பு வரை உள்ள அகலத்தில் 2.5 சதவீதம், அதுவும் மேல் கீழ் இரண்டும் சேர்ந்த மொத்த ஆட்டம். அகலம் 80 மில்லிமீட்டர் என்றால் 2 மில்லிமீட்டர். அதை உச்ச வரம்பாகப் பாருங்கள். அதுவரை போகலாம் என்று அனுமதியாகப் பார்க்காதீர்கள்.

என் சொந்த வழக்கத்தைச் சொல்கிறேன். புதிதாக இருந்தபோது அளந்த எண் இருந்தால் அதோடு ஒப்பிடுவேன். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் அது தேய்மானம். ஒரே வருடத்தில் திடீரென்று கூடினால் ஏதோ தளர்ந்திருக்கிறது, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. அப்போது எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பிரித்துப் பார்ப்பேன். கட்டி முடித்த நாளிலேயே எல்லாக் கட்டுப்பாட்டுப் பரப்பின் ஆட்டத்தையும் அளந்து பதிவேட்டில் எழுதி வையுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

இதில் இவ்வளவு கறாராக இருப்பது ஏன் என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஃப்ளட்டர் காரணமாகத்தான். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், இறக்கையோ வாலோ வளைந்து நிமிர்வதும் அதில் தொங்கும் பரப்பு திரும்புவதும் ஒன்றுக்கொன்று தூண்டிவிட ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து சக்தி ஏறும். சில நொடிகளில் பரப்பு பிய்ந்து போகலாம். 1916-ல் ஹேண்ட்லி பேஜ் ஓ/400 குண்டுவீச்சு விமானத்தின் வால் இப்படி வெறிபிடித்து ஆடியது. பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் அதை ஆராய்ந்தார். இடது வலது எலிவேட்டர்கள் ஒன்றோடொன்று உறுதியாக இணைக்கப்படாமல் தனித்தனியே ஆடியதுதான் மூலம் என்று கண்டு, இரண்டையும் முறுக்குக்குத் தாங்கும் குழாயால் இணைக்கச் சொன்னார். 1920-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் வான் பவும்ஹவர், கோனிங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எய்லிரானின் எடை மையத்தைக் கீலுக்கு முன்னால் கொண்டுவந்தால் ஃப்ளட்டர் அடங்கும் என்று காட்டினார்கள். உங்கள் எய்லிரானின் முன் விளிம்பில் இருக்கும் ஈயமோ இரும்புக் குழாயோ அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசுதான்.

பேரிங் ஆட்டம் இதில் எங்கே வருகிறது என்றால், அந்த ஆட்டத்துக்குள் பரப்பைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ராடும் பெல் கிராங்கும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் பரப்பு சுதந்திரமாக இருக்கிறது. வடிவமைத்தவர் போட்ட கணக்கில் அந்தச் சுதந்திரம் இல்லை.

கேள்வி: என் விமானம் அதிகம் பறந்ததில்லை. பெரும்பாலும் நின்றுகொண்டேதான் இருந்தது. ஆனாலும் கீலில் உள்ள பால் பேரிங் கரகரக்கிறது. பறக்காத விமானத்தில் பேரிங் எப்படித் தேயும்?

பதில்: நின்றதால்தான் தேய்ந்தது. பேரிங் என்றாலே சுற்றுவது என்று நினைக்கிறோம். கீல் பேரிங் வாழ்நாளில் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றாது. முழு வீச்சில் திருப்பினாலும் எய்லிரான் ஒரு பக்கம் இருபது, முப்பது டிகிரி அளவுக்குத்தான் போகும். நேராகப் பறக்கும்போது ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான் அசைவு. சுற்றும் பேரிங்கில் உருண்டைகள் கிரீஸைத் தாமே பூசிக்கொண்டு போகும். இங்கே உருண்டை இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் நெளிகிறது. அடியிலிருந்த கிரீஸ் பக்கவாட்டில் பிதுங்கிவிடும், திரும்பி வராது. பிறகு உலோகமும் உலோகமும்தான். நுண்ணிய துகள் உதிரும், அது துருவாக மாறும், அந்தத் துருவே அரைக்கும் பொடியாக வேலை செய்யும். 1930-களிலேயே ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட கார்களின் சக்கர பேரிங்கில் இதே குழிகளைக் கண்டிருக்கிறார்கள். சக்கரம் சுற்றவே இல்லை, வண்டியின் அதிர்வு மட்டும்தான்.

வெட்டவெளியில் நிற்கும் விமானத்தில், காற்றடிக்கும்போது எய்லிரான் விடாமல் நெளிந்துகொண்டிருக்கும். ட்ரெய்லரில் ஏற்றிப் போனாலும் அப்படித்தான். ஆகவே பூட்டு போடுங்கள். ஸ்டிக்கை மட்டும் கட்டினால் ராட் இணைப்புகள் அடி வாங்கும். பரப்பையே வெளியிலிருந்து பிடிக்கும் பூட்டுதான் நல்லது. பறக்கும் முன் கழற்ற மறக்காதபடி கண்ணைப் பறிக்கும் சிவப்புத் துணி அதில் தொங்கட்டும்.

கழற்றிய பேரிங்கை விரல்நுனியில் மாட்டி மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்று முழுவதும் வழுவழுவென்று போய், ஒரே ஒரு இடத்தில் மட்டும் படியில் கால் இடறுவதுபோல் இடறும். அந்த இடம் எய்லிரான் நேராக நிற்கும் நிலை. வருடக்கணக்காக உருண்டைகள் உட்கார்ந்து தோண்டிய குழி அது. கழுவினாலும் போகாது, கிரீஸ் ஏற்றினாலும் போகாது. மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: எல்லா பேரிங்குக்கும் எண்ணெய் விடலாமா?

பதில்: விடக்கூடாது. டெஃப்லான் உள்பூச்சு கொண்ட ராட் எண்ட், ஸ்பெரிக்கல் பேரிங் எதற்கும் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். அந்தப் பூச்சே மசகு. எண்ணெய் போனால் தூசியைப் பிடித்து வைக்கும், பூச்சும் சீக்கிரம் தேயும். இவை புதிதாக இருக்கும்போது கையால் திருப்பக் கொஞ்சம் கடினமாகவே இருக்கும். அது குறையில்லை, இளக்கிவிட முயலாதீர்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் ராட் எண்டுக்குத்தான் எண்ணெய் வேண்டும். மூடிய பால் பேரிங்கைக் கரைப்பானில் ஊறவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும், நீங்கள் திரும்ப உள்ளே செலுத்த முடியாது. எண்ணெய் ஊறிய வெண்கல புஷ்ஷுக்கும் இதே எச்சரிக்கை. அதன் பருமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். துளையைச் சீராக்கும் ரீமர் மழுங்கியிருந்து, அதை உள்ளே விட்டால் நுண்துளைகள் அடைபட்டு எண்ணெய் வெளியே வராது.

விமானம் கழுவும்போது வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைக் கீல்களின் பக்கம் காட்டாதீர்கள். பெயின்ட் அடிக்கும்போது பேரிங்கை டேப் ஒட்டி மூடுங்கள். உருண்டையின் மேல் காய்ந்த பெயின்ட் கத்திபோல உட்பூச்சைச் சுரண்டும்.

கேள்வி: எலிவேட்டரின் ராட் எண்டுகளை மாற்ற முடிவு செய்துவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அளவெடுப்பதிலிருந்து. ஸ்பேனரைத் தொடும் முன், ஒவ்வொரு ராட் எண்டின் துளை மையத்திலிருந்து எலிவேட்டரின் ஸ்பார் (நீளவாக்கில் ஓடும் உத்தரம்) வரை எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். வெளியே தெரியும் மரைகளை எண்ணிவைப்பதும் நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. புது ராட் எண்டின் கழுத்து நீளம் பழையதைப் போலவே இருக்கும் என்று நிச்சயமில்லை. வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை என்று படம் எடுத்து வையுங்கள். சமநிலை எடை, ட்ரிம் வயர் எல்லாம் எதில் இடிக்கும் என்று பார்த்துக்கொண்டு, எலிவேட்டரை இரண்டு பேராகச் சேர்ந்து கழற்றுங்கள். ஒரு கீல் கழன்று மறு கீலில் தொங்கினால் அந்த ஒரு நிமிடத்தில் தாங்கி வளைந்துவிடும்.

வேன்ஸ் ஆர்வி-7 போன்ற விமானங்களில் எலிவேட்டரும் ரடரும் இப்படி ராட் எண்டுகளில்தான் தொங்குகின்றன. இதன் அருமை, கீல் கோட்டைத் திருத்திக்கொள்ளலாம் என்பது. இதன் ஆபத்தும் அதுவே. கால் அங்குல மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு ராட் எண்ட் 0.9 மில்லிமீட்டர் நகரும். துளை பக்கவாட்டைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதால் அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் சரிசெய்ய முடியும், அதாவது 0.45 மில்லிமீட்டர் வீதம். மூன்று கீல் உள்ள பரப்பில் நடுக்கீல் அரைச் சுற்று வெளியே நின்றாலும், பரப்பு வில்லாக வளைந்து மாட்டும். ஸ்டிக் கனக்கும். புதுப் பேரிங் ஒரு பக்கமாக அழுத்தம் வாங்கிச் சீக்கிரம் தேயும். நீங்களோ "புது பேரிங், அதான் இறுக்கமாக இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எனவே நேரான மெல்லிய எஃகுக் கம்பியை எல்லா ராட் எண்டின் துளைகள் வழியாகவும் நுழைத்துப் பாருங்கள். தானாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போல்ட்டைச் சுத்தியால் தட்டித்தான் ஏற்ற முடிகிறது என்றால் கோடு சரியில்லை என்று பொருள். தட்டாதீர்கள், கழற்றித் திருத்துங்கள். இந்த இடத்தில் ஒரு சாயங்காலம் முழுவதும் போனாலும் தாராளமாகப் போகட்டும்.

ராட் எண்ட் உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் முக்கியம். மரை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். உங்கள் வரைபடம் அதிகம் கேட்டால் அதுதான் கணக்கு. புஷ் ராடுகளில் சில சமயம் பக்கத்தில் ஒரு சிறு சோதனைத் துளை இருக்கும். அதில் மெல்லிய கம்பியைச் செருகினால் ராட் எண்டின் மரையில் தட்ட வேண்டும். கம்பி தட்டாமல் உள்ளே போனால் பிடிப்பு போதாது. கடைசியில், ராட் எண்டைத் திரும்பாமல் பூட்டும் ஜாம் நட்டை இறுக்கும்போது ராட் எண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து திரும்பி, இரு முனைகளும் கோணிக்கொள்ளும்.

அழுத்தி ஏற்றும் பேரிங்குகளுக்கு வேறு கவனம் வேண்டும். வெளி வளையத்தை மட்டுமே தள்ளுங்கள். உள் வளையத்தைத் தள்ளினால் அந்த விசை முழுவதும் உருண்டைகள் வழியே போய், பறக்கும் முன்பே குழி விழுந்துவிடும். அலுமினியத் தாங்கியைச் சூடாக்குவது நல்ல உத்தி. 20 மில்லிமீட்டர் துளை, சூடு 80 டிகிரி கூடினால் 0.04 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும், பெரும்பாலும் அது போதும். ஆனால் கொதிநீரின் சூட்டைத் தாண்டாதீர்கள், தீ நாக்கைக் காட்டவே காட்டாதீர்கள். சூட்டால் பதப்படுத்தி உறுதியேற்றிய அலுமினியம் அது, அதிகச் சூட்டில் அந்த உறுதியை இழந்துவிடும். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் பிரைமரை ஈரமாகப் பூசி, ஈரத்தோடு ஏற்றுங்கள். விளிம்பை மடித்துப் பூட்டும் வகை பேரிங் என்றால் அதற்கென உள்ள கருவியும் அனுபவமும் இல்லாமல் தொட வேண்டாம். தெரிந்த பட்டறையில் கொடுங்கள்.

கேள்வி: கழற்றிய நைலான் லாக் நட்டுகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. திரும்பப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் பி-51 வகைப் பழைய போர் விமானம் ஒன்று பார்வையாளர் பகுதியில் விழுந்து விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரியவந்தது என்ன? எலிவேட்டரின் ட்ரிம் டேபைப் பிடித்திருந்த திருகுகளின் லாக் நட்டுகளில் உட்செருகல் நைந்துபோயிருந்தது. திருகுகள் தளர்ந்தன, ஒன்றில் விரிசல் விழுந்தது, டேபின் உறுதி குறைந்தது, பந்தய வேகத்தில் ஃப்ளட்டர் வந்தது. இத்தனைக்கும் பின்னால் இருந்தது கைவிரல் நுனி அளவு நட்டுகள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

விரலாலேயே கடைசி வரை ஏறும் நைலான் நட் செத்த நட். கட்டுப்பாட்டு இணைப்பில் விரலால் ஏறாவிட்டாலும் புதிதே போடுங்கள். ராட் எண்டில் உருண்டை இறுகப் பிடிபட்டு, போல்ட் சுற்றாது என்ற இடத்தில் லாக் நட் சரி. போல்ட்டே திரும்ப வாய்ப்புள்ள இணைப்பில், அதாவது கவையும் வெறும் புஷ்ஷும் உள்ள இடங்களில், கேசில் நட்டும் (மேலே வெட்டுகள் உள்ள நட்), அந்த வெட்டு வழியே போகும் காட்டர் பின்னும்தான். வரைபடம் கேசில் நட் என்றால் வேறு பேச்சே இல்லை.

இறுக்கத்துக்கு: மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால், 3/16 அங்குல எஃகு போல்ட்டில் வழக்கமான லாக் நட்டுக்கு 20 முதல் 25 அங்குல பவுண்டு, கால் அங்குலத்துக்கு 50 முதல் 70. நியூட்டன் மீட்டரில் முறையே 2.3 முதல் 2.8, 5.6 முதல் 7.9. நட் நைலானைக் கடந்து ஏறும்போது எடுக்கும் எதிர்ப்பை அளந்து இதோடு கூட்ட வேண்டும். சின்ன போல்ட்டுக்கு அந்த எதிர்ப்பே கணிசமானது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: இயந்திர சாமான் விற்கும் இடத்தில் அதே அளவு ராட் எண்ட் மிக மலிவாகக் கிடைக்கிறது. அளவு ஒன்றுதானே?

பதில்: அளவு ஒன்று, ஆள் வேறு. எந்த உலோகம், எவ்வளவு சுமை, உள்பூச்சு எந்த வகை, எந்தத் தொகுதியில் செய்தது என்று சான்று இல்லாத பேரிங்கை விமானத்தின் வாலில் தொங்கவிடுவதை நான் ஏற்க மாட்டேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதுதான் இதில் உள்ள கஷ்டம். அமெரிக்காவில் சிறு விமானங்களுக்கான பழைய விதித் தொகுப்பு, பால், ரோலர் பேரிங் அல்லாத கட்டுப்பாட்டுப் பரப்புக் கீல்களுக்கு 6.67 மடங்கு பாதுகாப்புக் காரணி (வரும் சுமையைப் போல எத்தனை மடங்கு தாங்க வேண்டும் என்ற கணக்கு) கேட்டது. சாதாரணமாக விமானத்தின் மற்ற பாகங்களுக்கு 1.5 தான். தேய்மானத்தையும் அதிர்வையும் மனதில் வைத்துத்தான் கீலுக்கு இவ்வளவு கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எந்த ராட் எண்டாக இருந்தாலும், அது இரண்டு காதுகளுக்கு நடுவே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் போல்ட்டில் நின்றால், வெளிப்பக்கம் பெரிய வாஷர் ஒன்று கட்டாயம். அந்த வாஷர் பேரிங்கின் வெளி உடலைவிட அகலமாக இருக்க வேண்டும். உருண்டை உடலிலிருந்து கழன்று வந்தாலும் ராட் போல்ட்டை விட்டுப் போகாமல் வாஷர் தடுத்துவிடும். ஆட்டம் வரும், சத்தம் வரும், ஆனால் கட்டுப்பாடு கையில் இருக்கும்.

கேள்வி: அப்பா கட்டிய விமானத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். எய்லிரான் பியானோ கீலில் (வரிசையான கண்கள் வழியே ஒரே கம்பி ஓடும் நீண்ட கீல்) நிற்கிறது, கீலைச் சுற்றிக் கறுப்பாக வழிந்திருக்கிறது. கம்பியை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: முதலில் கம்பியை உருவிப் பாருங்கள். லாங்-ஈஸி போன்ற பல வடிவமைப்புகளில் எய்லிரானே பியானோ கீலில்தான் நிற்கிறது, நல்ல ஏற்பாடு. சுமை நீளம் முழுவதும் பரவுகிறது. ஆனால் எஃகுக் கம்பியும் அலுமினியக் கண்களும் உரசும்போது தோற்பது பெரும்பாலும் அலுமினியம்தான். கறுப்பாக வழிவது அதன் தூள். கம்பி நேராக, வழுவழுப்பாக இருந்து கண்கள் நீண்டு போயிருந்தால், புதுக் கம்பி போட்டும் ஆட்டம் நிற்காது. கீலையே மாற்ற வேண்டும். கொஞ்சம் தடித்த கம்பியை அடித்து ஏற்றும் வழக்கம் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கண்கள் ஒரே அளவில் தேய்வதில்லை, ஓரத்தில் உள்ளவைதான் அதிகம் தேயும், தடித்த கம்பி நடுவில் பிடித்துக்கொள்ளும். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கண்ணின் அடியிலும் விரிசல் பாருங்கள், முனைகளில் இரண்டு மடங்கு கவனமாக. கம்பி பக்கவாட்டில் வெளியே நகராமல் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் அப்பா எழுதிவைத்த குறிப்பேடு இருந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். எந்தக் கீலை எப்போது மாற்றினார் என்று அதில் இருக்கலாம்.

கேள்வி: பேரிங் மாற்றினால் எய்லிரானை மறுபடி சமநிலை பார்க்க வேண்டுமா?

பதில்: அதே எடை பேரிங் என்றால் பெரிய மாற்றம் வராது, ஏனென்றால் அது கீல் கோட்டிலேயே இருக்கிறது. ஆனால் பரப்பு எப்படியும் கையில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை, பார்த்துவிடுங்கள். கட்டிய பிறகு பெயின்ட் ஏறியிருந்தால் கண்டிப்பாகப் பாருங்கள். பின் விளிம்பில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் முன்னால் அதைப் போலப் பல மடங்கு எடை தேவைப்படும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. உடனே பறக்கலாமா?

பதில்: ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் கடைசி வரை கொண்டுபோங்கள். எங்காவது உரசுகிறதா, ராட் எண்டின் உடல் தாங்கியின் காதில் முட்டுகிறதா என்று இன்னொருவர் பரப்பின் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ராட் எண்ட் தன் எல்லையில் முட்டினால் கழுத்து வளைந்து ஒடியும். வீச்சு எத்தனை டிகிரி என்று அளந்து வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் ராடின் நீளத்தை அறியாமல் மாற்றியிருக்கக்கூடும். அப்புறம் திசை. ஸ்டிக்கைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நீட்டுங்கள். ஸ்டிக்கைச் சாய்த்ததும் கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க எய்லிரான்தான் மேலே எழ வேண்டும். இதைச் சோதிக்காமல் பறந்து, தலைகீழாக மாட்டிய கட்டுப்பாட்டால் தரையில் மோதியவர்களில் அனுபவசாலிகளும் உண்டு.

வேலையில் கை வைக்காத இன்னொருவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு நட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்டால் இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. உங்கள் நாட்டில் விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். "சரியாக இருக்கிறதா பார்" என்று பொதுவாகக் கேட்காமல், வரைபடத்தைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தால் அவர் உங்கள் கண்ணால்தான் பார்ப்பார்.

சரிபார்த்த நட்டிலிருந்து தாங்கி வரை அடையாளப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். முதல் முறை தனியாக, நடு வேகத்துக்குள், அமைதியான காற்றில் பறந்துவிட்டு இறங்கியதும் மூடிகளைத் திறந்து அந்தக் கோடுகள் முறிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எய்லிரான் விளிம்பில் மறுபடி டயல் கேஜை வைத்து, வந்த எண்ணைத் தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட அந்த எண் வேண்டும்.